தூக்கினால் போதுமா?

எஞ்சின் கிரேன் வாங்கப் போகிறவர் கடையில் செய்யும் சோதனை பெரும்பாலும் ஒன்றுதான். கொக்கியில் கனமான எதையாவது மாட்டச் சொல்வார், கைப்பிடியை நாலைந்து தடவை அடித்துப் பார்ப்பார், பாரம் மேலே போனால் திருப்தியாகிவிடுவார். பட்டறைக்கு வந்த பிறகும் அந்தக் கிரேனுக்கு வேறு தேர்வு கிடையாது. தூக்குகிற வரைக்கும் நல்ல கிரேன், தூக்காத அன்றைக்குப் பழுதான கிரேன். இந்தக் கணக்கு தப்பு. கிரேனில் பொருத்தியிருக்கும் ஹைட்ராலிக் ஜாக்கிக்குத் தூக்குவது சுலபமான வேலை. கைப்பிடி அடிப்பவரின் பலம் அதற்குத் துணை நிற்கிறது. அவர் அடிப்பதை நிறுத்திய பிறகு, தூக்கியதைத் தூக்கிய உயரத்திலேயே பிடித்து வைப்பதுதான் கடினமான வேலை. அங்கே ஜாக்கி தனி ஆள். அதில் வரும் பழுதுகளில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வேலையில்தான் முதலில் தலைகாட்டும். தூக்குவதிலேயே கோளாறு தெரியவரும்போது நோய் நன்றாக முற்றியிருக்கும். எனவே ஜாக்கியைப் பராமரிப்பதானாலும், பழுது பார்ப்பதானாலும், இனி வேண்டாம் என்று ஒதுக்குவதானாலும், 'பிடிக்கிறதா?' என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தக் கிரேனைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியிலிருந்து எஞ்சினைக் கழற்றி வெளியே எடுக்க நம் பட்டறைகளில் நெடுங்காலமாக இருப்பது செயின் பிளாக். கூரை உத்தரத்திலோ, மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நிறுத்தியோ அதைத் தொங்கவிட்டு, சங்கிலியை இழுத்து எஞ்சினை மேலே எடுப்பார்கள். எஞ்சின் கிரேன் அதற்கு மாற்று. சக்கரம் வைத்த இரண்டு கால்கள், செங்குத்தாக ஒரு தூண், தூணின் உச்சியில் பின் போட்டு மாட்டிய நீண்ட கை, கையின் நுனியில் கொக்கி. தூணுக்கும் கைக்கும் நடுவே சற்றுச் சாய்வாக நிற்கும் ஜாக்கி நீளும்போது கை உயர்கிறது. வேலை முடிந்தால் மடக்கிச் சுவரோரம் தள்ளிவிடலாம். வசதியில் செயின் பிளாக் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் பழைய கருவிதான் கெட்டி. செயின் பிளாக்குக்குள், பாரத்தின் இழுப்பாலேயே இறுகிக்கொள்ளும் பிரேக் ஒன்று இருக்கிறது. சங்கிலியிலிருந்து கையை எடுத்தால் எஞ்சின் நின்ற இடத்தில் நிற்கும். இரும்பை இரும்பு பிடித்துக்கொள்கிறது. கிரேன் ஜாக்கியில் அப்படி எதுவும் இல்லை. எஞ்சின் கீழே வராமல் தடுப்பது அரை லிட்டர் சொச்சம் எண்ணெயும், அது திரும்பி ஓடாதபடி வழியை அடைத்து நிற்கும் இரண்டு மூன்று சிறு எஃகுக் குண்டுகளும், சில ரப்பர் சீல்களும்தான்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் அதே அளவில் பரவும் என்று பிளேஸ் பாஸ்கல் எழுதியது, அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல் நூலாக வெளிவந்தது. ஜாக்கியில் நடப்பது அதுதான். கைப்பிடியோடு சேர்ந்தது சின்ன பிஸ்டன். கைப்பிடியை உயர்த்தினால், சிலிண்டரைச் சுற்றியிருக்கும் ஆயில் டேங்கிலிருந்து எண்ணெய் ஒரு குண்டைத் தள்ளிக்கொண்டு சின்ன பிஸ்டனுக்கடியில் வரும். அழுத்தினால் அந்தக் குண்டு தன் இருக்கையில் உட்கார்ந்து பின்வழியை அடைக்கும். இன்னொரு குண்டு விலகி, எண்ணெயைப் பெரிய பிஸ்டனுக்கடியில் விடும். மூன்றாவதாக ஒரு வழி உண்டு, எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் வழி. அதை ரிலீஸ் ஸ்க்ரூ இறுக்கி அடைத்திருக்கிறது. அதைத் தளர்த்தினால் பாரம் இறங்கும். ஆக, தூக்குவதற்கு ஒரு வழி திறந்தால் போதும். பிடிப்பதற்கோ எல்லா வழிகளும், எல்லா நேரமும், ஒரு சொட்டுக்கும் இடம் கொடுக்காமல் மூடியிருக்க வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் இன்னும் துலங்கும். சின்ன பிஸ்டனின் விட்டம் 12 மில்லிமீட்டர், பெரியதன் விட்டம் 40 மில்லிமீட்டர், கைப்பிடியின் ஒவ்வொரு அடிக்கும் சின்ன பிஸ்டன் 25 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு ஏறக்குறைய 2.8 மில்லிலிட்டர் எண்ணெய் போகும்; பெரிய பிஸ்டன் இரண்டேகால் மில்லிமீட்டர் உயரும். ஜாக்கி பொருந்தியிருப்பது கையின் அடிப்பகுதியில் என்பதால் கொக்கியின் நகர்வு அதைப்போல் பல மடங்கு. நான்கு மடங்கு என்று கொண்டால் 9 மில்லிமீட்டர். சுமையும் அதே விகிதத்தில் பெருகுகிறது. கொக்கியில் 400 கிலோ லாரி எஞ்சின் தொங்கினால் ஜாக்கியின் தலையில் 1,600 கிலோ. உள்ளே எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 127 கிலோ. கார் டயரில் இருப்பதைப்போல் அறுபது மடங்கு. (2 டன் கிரேனில் 8 டன் ஜாக்கியைப் பார்த்து, தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. இதில் தாராளம் ஒன்றுமில்லை. நெம்புகோல் கணக்கு அவ்வளவு கேட்கிறது.) இப்போது ஒரு குண்டின் இருக்கையில் சிறு கீறல் விழுந்து, நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் எண்ணெய் டேங்குக்கு ஓடுகிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 30 அடி அடிப்பவர் 85 மில்லிலிட்டர் உள்ளே தள்ளுகிறார். அதில் இரண்டு குறைந்தால் அவர் கைக்குத் தெரியவா போகிறது? எஞ்சின் ஜம்மென்று மேலே போகும். ஆனால் அவர் நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுக்கத் திரும்பினால், கொக்கி நிமிடத்துக்கு 6 மில்லிமீட்டர் வீதம் இறங்கிக்கொண்டிருக்கும். தூக்கும் சோதனை இந்தப் பழுதைக் காட்டாது. காட்டாதது மட்டுமல்ல, மறைக்கவும் செய்கிறது.

இது நம் காலத்துச் சிக்கலும் அல்ல. ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். பாஸ்கலின் விதி ஏற்கெனவே ஊரறிந்தது. சின்ன பிஸ்டனால் பெரிய பிஸ்டனைத் தள்ளலாம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவரைப் பாடாய்ப் படுத்தியது கசிவு. பிஸ்டனைச் சுற்றி அடைப்பை இறுக்கினால் பிஸ்டன் நகராது, தளர்த்தினால் தண்ணீர் பீறிடும். இதற்கு விடையாக வந்தது கிண்ணம் போல வளைத்த ஒரு தோல் வளையம். உள்ளே அழுத்தம் ஏறினால் வளையத்தின் விளிம்பு அந்த அழுத்தத்தாலேயே விரிந்து பிஸ்டனைக் கவ்வும். அழுத்தம் போனால் தானே தளரும். அதைச் செய்தவர் பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்று தொழில் வரலாற்றில் பரவலாகச் சொல்லப்படுகிறது. இன்றைய ஜாக்கியில் தோலுக்குப் பதில் ரப்பர் வந்திருக்கிறது, தத்துவம் மாறவில்லை. இதிலிருந்து பட்டறைக்குப் பயன்படும் ஒரு விவரம் கிடைக்கிறது. அழுத்தத்தால் கவ்வும் சீல், அழுத்தம் குறைவாக இருந்தால் சரியாகக் கவ்வாது. அதனால்தான் தேய்ந்த ஜாக்கிகளில் சில கனத்த எஞ்சினை அசையாமல் பிடித்து, கியர்பாக்ஸ் போன்ற லேசான பாரத்தை மட்டும் நழுவவிடும். "அவ்வளவு பெரிசையே பிடிச்சது, இதைப் பிடிக்காதா?" என்ற நியாயம் இங்கே செல்லாது.

ஜாக்கி பிடிக்கும் என்று நம்பலாமா என்ற கேள்விக்கு நல்ல பதில் சொன்னவர் ராபர்ட் ஸ்டீபன்சன். வேல்ஸில் மெனாய் நீரிணையின் குறுக்கே அவர் கட்டிய பிரிட்டானியா பாலத்துக்கு, ஒவ்வொன்றும் 1,500 டன்னுக்கும் மேல் எடையுள்ள இரும்புக் குழாய்களை நீர்மட்டத்திலிருந்து தூண்களின் உயரத்துக்கு ஹைட்ராலிக் பிரஸ்ஸுகளால் ஏற்ற வேண்டியிருந்தது. குழாய் உயர உயர அதன் அடியில் உடனுக்குடன் முட்டுக்கொடுத்துக்கொண்டே போக வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 1849 ஆகஸ்டில் பிரஸ் ஒன்றின் சிலிண்டர் அடிப்பகுதி வெடித்துக் கழன்றது. முட்டு இருந்ததால் அத்தனை பெரிய குழாய் சில அங்குலங்களே விழுந்து நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஸ்டீபன்சன் தூக்குவதற்கு ஹைட்ராலிக்கை நம்பினார். பிடிப்பதற்கு அதை நம்பவில்லை. இன்று எந்த ஜாக்கியின் கையேட்டைப் புரட்டினாலும், இது தூக்கத்தான், தூக்கியதும் ஸ்டாண்டில் தாங்கவையுங்கள் என்று எழுதியிருக்கும்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். பிடிப்பதற்கு ஜாக்கியை நம்பக் கூடாது என்றால், அது பிடிக்கிறதா என்று சோதிப்பது ஏன்? எஞ்சினை வெளியே எடுத்ததும் ஸ்டாண்டில் மாட்டப் போகிறோம். நடுவில் நாலு மில்லிமீட்டர் இறங்கினால் என்ன கெட்டுவிடும்? பதில் அந்த நடுவில்தான் இருக்கிறது. எஞ்சினைத் திரும்ப ஏற்றும்போது அதைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் கட்டத்தைப் பாருங்கள். கியர்பாக்ஸின் முன்னால் நீட்டியிருக்கும் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டின் பல் வைத்த துளைக்குள் நேராகப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகல இடைவெளி. ஒருவர் எஞ்சினை இப்படியும் அப்படியும் அசைக்கிறார், இன்னொருவர் இடைவெளியில் விரலை விட்டு பின் பொருந்துகிறதா என்று தடவிப் பார்க்கிறார். எந்த ஸ்டாண்டும் அந்த நேரத்தில் உதவாது. பாரம் முழுக்க ஜாக்கியின் எண்ணெயில்தான் நிற்கிறது. கொக்கி கொஞ்சம் இறங்கினால் எஞ்சினின் எடை ஷாஃப்ட்டின் மேலும் கிளட்ச் பிளேட்டின் மேலும் சாயும். பிளேட் வளையும், புதுப் பிளேட் போட்டும் கிளட்ச் அதிர்கிறதே என்று வண்டி திரும்பி வரும், காரணம் யாருக்கும் பிடிபடாது. விரல் மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. முட்டுக்கொடுக்கக்கூடிய இடத்தில் ஜாக்கி பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்பது சரிதான். முட்டுக்கொடுக்க முடியாத சில நிமிடங்களுக்காகத்தான் அது பிடித்தாக வேண்டும்.

சோதனை எளியது. பட்டறை மூலையில் கிடக்கும் பழைய எஞ்சின் பிளாக்கைக் கொக்கியில் மாட்டி, கீழே கட்டைகளை அடுக்கி, கட்டைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்துங்கள். பளபளக்கும் பிஸ்டன் தண்டு சிலிண்டரை விட்டு வெளியே வரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. பத்து நிமிடம் யாரும் தொடக் கூடாது. பிறகு கோட்டைப் பாருங்கள். லேசான பாரம் ஒன்றை வைத்து இதையே மறுபடி செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: வெயிலில் காய்ந்த கிரேனை நிழலுக்கு இழுத்து வந்து உடனே சோதிக்க வேண்டாம். எண்ணெய் குளிரும்போது சுருங்கும். அரை மீட்டர் நீண்டு நிற்கும் ஜாக்கியில் 5 டிகிரி குளிர்ந்தால் தண்டு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தானாகவே இறங்கும். கசிவே இல்லாத ஜாக்கியைக் குற்றவாளியாக்கி விடுவோம். நிழலில் ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு கோடு போடுங்கள்.

கோடு இறங்கியிருந்தால், உடனே ஜாக்கியைப் பிரிக்கப் பாய வேண்டியதில்லை. எந்த வழி திறந்திருக்கிறது என்பதை ஜாக்கியே சொல்லும். பாரம் இறங்கும்போது கைப்பிடியும் தானாக மெல்ல மேலே எழுந்தால், வெளிவழிக் குண்டு மூடவில்லை. பெரிய பிஸ்டனுக்கடியில் உள்ள எண்ணெய் திரும்பி வந்து சின்ன பிஸ்டனைத் தள்ளுகிறது. கைப்பிடி அசையவில்லை, வெளியே எண்ணெய்ப் பசையும் இல்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் சந்தேகம் முதலில் ரிலீஸ் வால்வின் மேல், அடுத்துப் பெரிய பிஸ்டனின் சீல் மேல். பிஸ்டன் தண்டின் கழுத்தில் எண்ணெய் வளையம் கட்டினால் அங்குள்ள சீல். சின்ன பிஸ்டனைச் சுற்றி ஈரம் என்றால் அதன் ஓ-ரிங். இறங்கவே இல்லை, ஆனால் அழுத்தும்போது கைப்பிடி எதிர்ப்பே காட்டாமல் தொப்பென்று கீழே போகிறது என்றால் உள்வழிக் குண்டு உட்காரவில்லை, அல்லது காற்று புகுந்திருக்கிறது. இந்த வேறுபாடுகளைக் கவனிக்காமல் 'சீல் போச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு எல்லா ரப்பரையும் மாற்றுவார்கள். மாற்றிய பிறகும் ஜாக்கி இறங்கும். குற்றம் குண்டில் இருந்தால் ரப்பர் என்ன செய்யும்?

குண்டின் குற்றம் பெரும்பாலும் அழுக்குதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு மண்துகள் குண்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டினால் போதும். அதிர்ஷ்டம் இருந்தால், பாரமில்லாமல் ரிலீஸ் ஸ்க்ரூவை நன்றாகத் திறந்துவிட்டுப் பல தடவை வேகமாக அடித்தாலே எண்ணெய் ஓட்டத்தில் துகள் கழுவிக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் பிரித்து, சுத்தமான மண்ணெண்ணெயில் கழுவி, குண்டையும் இருக்கையையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இருக்கையின் விளிம்பில் முழு வட்டமாக மெல்லிய பளபளப்பு இருந்தால் நல்லது. வட்டம் எங்காவது அறுந்திருந்தால் அதுதான் கசிவின் வாசல். அனுபவசாலிகள் குண்டை இருக்கையில் வைத்து, மேலே பித்தளைத் தண்டை நிறுத்தி, சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டுவார்கள். இருக்கை குண்டின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் குண்டு போட வேண்டும். இரண்டாவது தட்டு பேராசை. ரிலீஸ் வால்வின் இருக்கை பழுதாவதற்குப் பாதிக் காரணம் நம் கைதான். வீட்டுக் குழாய் சொட்டினால் இன்னும் இறுக்கி இறுக்கி வாஷரை நாசமாக்குவது போல, ஜாக்கி இறங்கினால் நீளக் குழாயைச் சொருகி ரிலீஸ் ஸ்க்ரூவை முறுக்குவார்கள். அழுக்கு இருக்கையில் ஆழமாகப் பதிவதுதான் மிச்சம்.

எண்ணெய் விஷயத்தில் நடக்கும் அநியாயங்களை எழுதத் தொடங்கினால் தனிக் கட்டுரை வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றுவது அவற்றில் தலையாயது. இரண்டும் அழுத்தத்தைக் கடத்தும் திரவம்தானே என்ற எண்ணம். சாதாரண பிரேக் ஆயில் கனிம எண்ணெயே அல்ல, கிளைக்கால் வகை. அது ஈரத்தை உறிஞ்சும், கனிம எண்ணெய்க்கென்று செய்த ஜாக்கி சீல்களை ஊதவைத்துக் கெடுக்கும். எஞ்சின் ஆயில் அவ்வளவு கொடுமை இல்லை என்றாலும் ஜாக்கியின் நுண்ணிய வழிகளுக்குக் கெட்டி. வடித்தெடுத்த பழைய ஆயிலோ, துகள்களை நாமே கரண்டியால் ஊட்டுவதற்குச் சமம். டப்பாவில் ஹைட்ராலிக் ஆயில் என்று எழுதி, ஐஎஸ்ஓ விஜி 32, 46 என்று எண் போட்டிருக்கும். அந்த எண் 40 டிகிரி வெப்பத்தில் எண்ணெயின் பாகுத்தன்மையைச் சொல்கிறது. கையேடு எந்த எண்ணைக் கேட்கிறதோ அதை ஊற்றினால் போயிற்று. எவ்வளவு ஊற்றுவது என்பதிலும் தவறு நடக்கும். தண்டு முழுக்க உள்ளே இறங்கியிருக்கும்போது, ஜாக்கியை நேராக நிறுத்தி, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரைக்கும்தான். தண்டு வெளியே நீண்டிருக்கும்போது நிரப்பினால், அது இறங்கும்போது அடியிலிருந்து திரும்பிவரும் எண்ணெய்க்கு டேங்கில் இடம் இருக்காது. ஒன்று ரப்பர் மூடியைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறும், இல்லை தண்டு பாதியில் நின்றுவிடும். குறைவாக ஊற்றினால், ஜாக்கி ஓர் உயரம் வரை போய் அதற்குமேல் காற்றைக் குடிக்க ஆரம்பிக்கும்.

காற்று புகுந்த ஜாக்கி அடையாளம் காணச் சுலபம். கைப்பிடி பஞ்சு மாதிரி அமுங்கும், பாரம் துள்ளித் துள்ளி ஏறும். தண்டை முழுக்க இறக்கி, ரிலீஸ் ஸ்க்ரூவைத் திறந்து, ஊற்றும் துளையின் மூடியை எடுத்து, பத்துப் பதினைந்து தடவை வேகமாக அடித்தால் காற்று டேங்குக்கு வந்து வெளியேறிவிடும். பிறகு அளவு பார்த்து எண்ணெயை நிறைத்து மூட வேண்டும். புது ஜாக்கிகூடப் பயணத்தில் படுத்துக் கிடந்து காற்றோடு வரலாம் என்பதால், வாங்கியதும் பாரம் மாட்டும் முன்பே இதைச் செய்வது நல்லது. கடலோர ஊர்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தண்டை நீட்டிய நிலையிலேயே கிரேனை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், உப்புக் காற்றில் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரிக்கும். அடுத்த முறை தண்டு உள்ளே போகும்போது ஒவ்வொரு புள்ளியும் அரம் மாதிரி சீலைச் சுரண்டும். வேலை முடிந்ததும் தண்டை இறக்கிவைக்க அரை நிமிடம்கூட ஆகாது.

தொடவே கூடாத இடம் ஒன்றும் ஜாக்கியில் உண்டு. அளவுக்கு மீறிய பாரம் வந்தால் எண்ணெயை டேங்குக்குத் திருப்பிவிடும் ஓவர்லோடு வால்வு. தொழிற்சாலையிலேயே அளவு வைத்து மூடி அனுப்பியிருப்பார்கள். கிரேனின் கையை முழுக்க நீட்டிவைத்துக் கனத்த எஞ்சினை மாட்டினால் ஜாக்கி தூக்க மறுக்கும். இது பழுதல்ல. பொதுவாக 2 டன் கிரேனில் கையை முழுக்க நீட்டினால் அனுமதி 500 கிலோதான்; கையிலேயே அது எழுதியிருக்கும். ஆனால் தூக்கவில்லை என்றாலே பழுது என்று பழகிய கண்ணுக்கு அந்த வால்வு பழுதாகத் தெரிகிறது. மூடியைப் பிடுங்கி ஸ்க்ரூவை இரண்டு சுற்று முறுக்கியதும் ஜாக்கி தூக்குகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. 8 டன் ஜாக்கியைக் கழற்றி 12 டன் ஜாக்கியைப் பூட்டுவதும் இதே ரகம். முன்பு முதலில் விட்டுக்கொடுத்தது எண்ணெய். இனி முதலில் விட்டுக்கொடுக்கப் போவது தூணின் வெல்டிங்கோ, கையின் பின்னோ. எண்ணெய் மெல்ல விடும். இரும்பு ஒரே நொடியில் விடும். அதேபோல, ஜாக்கியின் இரு முனைகளிலும் உள்ள பின் தொலைந்தால் கைக்குக் கிடைத்த போல்ட்டைச் செருகுவதும் வேண்டாம். முதலில் வந்த அதே தடிமன், அதே தரம் வேண்டும்.

"இவ்வளவு பாடு எதற்கு, கெட்டால் புது ஜாக்கி வாங்கிப் போட்டுவிட்டுப் போகலாமே" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. தண்டு வளைந்தாலோ, குரோம் உரிந்தாலோ, சிலிண்டரின் உட்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் விழுந்தாலோ, அடிப்பகுதியில் வெடிப்பு தெரிந்தாலோ, எந்த சீல் கிட்டும் அதைக் காப்பாற்றாது; பழைய இரும்புக் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். உலோகம் போனால் மாற்று, ரப்பரோ அழுக்கோ என்றால் பழுது பார் என்பது என் கட்சி. ஆனால் புதிது வாங்குவதைப் பராமரிப்புக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது. மூடியைத் திறந்துபோட்டுத் தூசியில் வைத்த பட்டறையில், தண்டை நீட்டியே நிறுத்தும் பழக்கத்தில், புது ஜாக்கியும் பழசான அதே வழியில்தான் பழசாகும். புதிது எப்போது கெட ஆரம்பித்தது என்பதையும் அதே பத்து நிமிடச் சோதனைதான் சொல்லும்.

பெரிய தொழிற்சாலைகளில் இந்தக் கவலையை ஆளின் விருப்பத்துக்கு விடவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 29-ஆம் பிரிவில், கிரேன் முதலான தூக்கும் இயந்திரங்களைத் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது. ஆனால் மின்சக்தி பயன்படும் இடமாக இருந்தால் 10 பேராவது வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலையாக இருந்தது. ஒரு மெக்கானிக்கும் இரண்டு பையன்களும் இருக்கும் பட்டறைக்கு யாரும் பதிவேட்டோடு வரப்போவதில்லை. அங்கே பரிசோதகரும் மெக்கானிக்தான், விரலை நடுவில் விடப்போகிறவரும் அவருடைய ஆள்தான். ஆகவே அடுத்த முறை கிரேனை இழுக்கும்போது, வண்டிக்கு அடியில் தள்ளும் முன்பு, தண்டில் ஒரு கோடு போட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். கோடு இறங்கியிருந்தால், அது எவ்வளவு நன்றாகத் தூக்கினாலும், அன்றைக்கு அந்தக் கிரேன் வேண்டாம்.